மிதித்தால் யோசிக்கிற வண்டி குறித்து விழுப்புரம் அண்ணனுக்கு

திண்டிவனம்,
14-9-1961, வியாழக்கிழமை.

விழுப்புரத்தில் வசிக்கும் மகாகனம் பொருந்திய அண்ணார் பச்சைமுத்து அவர்கள் சமுகத்திற்கு, தம்பி நடராசன் பணிவுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முப்பத்தோரு வருஷம் தாலுகா கச்சேரியில் உட்கார்ந்து உண்மைக்கு மாறாக எத்தனையோ எழுதியிருக்கிறேன். இருந்தும் இந்த ஒரு வார்த்தைக்குக் கை ஓடவில்லை. ஆகையால் அங்கே தாங்களும் அண்ணி கெங்கம்மாளும் சுகமாயிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வதோடு இந்தப் பகுதியை முடித்துக்கொள்கிறேன். பதினோரு வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று தாங்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான், மோட்டார் விஷயம். நம் குடும்பத்தில் மோட்டார் தெரிந்தவர் தாங்கள் ஒருவரே. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவர் என்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் சொல்கிறார்களாம். வேறு எந்த விஷயத்தையும் இந்தக் கடிதத்தில் தொடுகிற உத்தேசம் எனக்கு இல்லை. பொருள்: புது வண்டி தயங்குவது. அவ்வளவே.

வண்டி எனக்கு எப்படி வந்தது என்று தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம், கேள்விப்பட்டது தப்பாகவும் இருக்கலாம். நான் லஞ்சம் வாங்கி வாங்கவில்லை. போன வருஷம் ரிட்டயர் ஆவதற்கு ஒரு வாரம் முன்பு, எங்கள் மேலதிகாரி வீட்டம்மா புதுச்சேரியில் ஏதோ வெள்ள நிவாரணக் கண்காட்சிக்காகப் பரிசுச் சீட்டு விற்றுக்கொண்டு கச்சேரிக்கே வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் எனக்கு வந்ததில்லை, கடைசி வாரத்திலா வரப்போகிறது? ஒரு சீட்டு வாங்கினேன். மூன்றாம் பரிசு தையல் மிஷின் என்று போட்டிருந்தது. வீட்டில் கிருஷ்ணவேணி அந்தச் சீட்டை சாமி படத்துக்குப் பின்னால் வைத்து, தினமும் தையல் மிஷினை நினைத்துக் கற்பூரம் காட்டினாள். ஜூன் மாதம் தந்தி வந்தது. எங்களுக்கு விழுந்தது முதல் பரிசு. தந்தியைப் படித்துச் சொன்னதும் அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். "எனக்கு மிஷின்தானே வேணும்னு கேட்டேன், சாமிக்குக் காது கேக்கலையா?" என்றாள்.

முதல் பரிசு என்பது ஒரு வெள்ளைக்கார வியாபாரி ஊருக்குத் திரும்பும்போது தர்மத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன கார். புத்தம் புதியது, அமெரிக்காவில் செய்தது, பந்தயத்தில் ஓட்டுகிற ஜாதி. நிறம் பழுத்த மிளகாய். உயரம் என் இடுப்பு வரைக்கும்தான். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி உண்டு, அது மூன்று பேர் இழுத்தால் பாதி மூடும். இரண்டே இரண்டு ஆசனம். ஸ்டீரிங் இடது பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், இந்த வண்டிக்கு கிளச்சு இல்லை அண்ணா. கியர் தானாகவே போட்டுக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்று பெயர். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தடி, அதில் ஐந்து இங்கிலீஷ் எழுத்து. நிற்க ஒரு எழுத்து, போக ஒரு எழுத்து, பின்னால் வர ஒரு எழுத்து, மற்ற இரண்டும் எதற்கென்று நான் இன்னும் பரீட்சை செய்யவில்லை. கூட வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே, இந்த வண்டியை ஓட்ட விசேஷமாக ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மிதித்தால் போதும் என்று அச்சடித்திருக்கிறது. அச்சில் வந்ததை நம்புவது என் தொழில் தோஷம்.

புதுச்சேரியிலிருந்து கொண்டுவர லாரி டிரைவர் முத்துசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல டிரைவர்தான், ஆனால் இருபது வருஷமாக கிளச்சை மிதித்துப் பழகிய அவனுடைய இடது கால் சும்மா இருக்க மறுத்தது. கிளச்சைத் தேடிப்போய்ப் பிரேக்கை மிதிக்கும். வண்டி நிற்கும், நான் முன்கண்ணாடியில் போய் முட்டுவேன். கிளியனூர் வருவதற்குள் ஏழு முறை முட்டினேன். "எடது காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுங்க" என்று சொல்லி, அதை மடக்கி ஆசனத்தின் மேல் போட்டு அரைச் சம்மணம் கொட்டிக்கொண்டு ஓட்டினான். அப்போதுதான் முதல் முதலாக அந்தத் தயக்கம் வந்தது. ஒரு மாட்டு வண்டிக்காக நிறுத்திவிட்டு மறுபடி மிதித்தான். இன்ஜின் ஊரே கேட்கும்படி உறுமுகிறது, வண்டி இருந்த இடத்தில் இருக்கிறது. முத்துசாமி என்னைப் பார்த்தான், நான் முத்துசாமியைப் பார்த்தேன். "ஹை... ஹை..." என்று அவன் நாக்கைத் தட்டினான். அதற்கப்புறம்தான், யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி வண்டி எகிறிப் பாய்ந்தது. வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "இது மாட்டோடயும் சேராது, மோட்டாரோடயும் சேராதுங்க. எனக்குக் கொழந்த குட்டி இருக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டான்.

தங்களுக்குப் புரிய வேண்டுமென்பதால் தயக்கத்தை விவரமாகவே எழுதுகிறேன். போகிற எழுத்தில் தடியைத் தள்ளுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. மிதிக்கிறேன். சத்தம் மட்டும் ஏறுகிறது. மனதுக்குள் எண்ணுகிறேன். காலையில் முதல் தடவை என்றால் ஒன்பது எண்ணவேண்டும். சூடான பிறகு நாலு, ஐந்து. மேட்டில் என்றால் எண்ணிக்கை கிடையாது, அதன் இஷ்டம். பிறகு ஒரு குலுக்கு, ஒரு பாய்ச்சல். எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலைகூட ஒன்பது எண்ணினேன். கச்சேரியில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு ஜனங்கள் எப்படிக் காத்திருப்பார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இங்கே இருக்கிற மெக்கானிக் வெங்கடாசலத்திடம் காட்டினேன். ரைஸ்மில் இன்ஜினிலிருந்து டாக்டர் வண்டி வரைக்கும் பார்க்கிறவன். தயக்கம் என்று சொன்னதும், "கிளச்சு தேஞ்சிருக்கும் சார், ஜல்தியா மாத்திடலாம்" என்று சொல்லி வண்டிக்கு அடியில் போனான். காலை ஒன்பது மணிக்குப் போனவன் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. சாயங்காலம் முகமெல்லாம் கிரீஸோடு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரகசியமாகச் சொன்னான்: "சார், மனசைத் தைரியமா வச்சிக்குங்க. கிளச்சை எவனோ கழட்டிக்கினு போயிட்டான்." கிளச்சே இல்லாத வண்டி இது என்று புத்தகத்தைக் காட்டினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "புஸ்தகத்துலயும் மாத்தி எழுதிட்டானுங்க சார்" என்றான். அவன் சொன்ன தோரணையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அண்ணா. வீட்டுக்கு வந்து, மேற்படி வாகனத்தின் கிளச்சு களவு போனது குறித்து என்று தலைப்பிட்டு மூன்று பக்கம் புகார் எழுதி, போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா கிளச்சை எப்ப பாத்தீங்க?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன். "அப்ப காணாமப் போச்சுன்னு எப்பிடிங்க தெரியும்?" என்றார். புகாரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வெங்கடாசலம் பிளக்கைக் கழற்றித் துடைத்தான், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான், பெட்ரோல் குழாயை வாயால் உறிஞ்சி இரண்டு நாள் மோர்ச்சோறு தின்றான். வண்டி எப்போதும்போல ஒன்பது எண்ணிவிட்டுத்தான் கிளம்பியது.

டிரைவர் என்று ஒருத்தரும் வரமாட்டேன் என்றதும் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதில். மிதித்தால் போதும் என்றுதானே புத்தகம் சொல்கிறது. கிருஷ்ணவேணியும் கூட வருவாள். ஸ்டீரிங் இடது பக்கம் என்பதால் அவள் வலது பக்கம் உட்கார்ந்திருப்பாள். எதிரே வருகிறவர்களுக்கு அவள்தான் டிரைவர். கையைக் கட்டிக்கொண்டு, வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் ஒரு பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. நடுரோட்டில் வண்டி யோசித்துக்கொண்டு நிற்கும்போது எதிரில் வருகிற பஸ் டிரைவர்கள் என்னை ஒன்றும் சொல்வதில்லை, அவளைத்தான் திட்டுகிறார்கள். "யம்மா, பேஜாரு பண்ணாத, வண்டிய ஓரங்கட்டு!" என்று ஒருத்தன் கத்தினான். அவள் நிதானமாக என் பக்கம் கையைக் காட்டி, "இவர்கிட்ட சொல்லுப்பா, நான் சும்மா ஒக்காந்துக்கினு இருக்கிறேன்" என்றாள். மார்க்கெட்டுக்குப் போனால் பெண்கள் வழிவிடுகிறார்களாம். மதிப்பு அவளுக்கு, கோளாறு எனக்கு.

இதுவரைக்கும் எழுதியதைச் சிரித்துக்கொண்டேகூடத் தாங்கள் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை. இனிமேல் எழுதுவதை அப்படி எழுத முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போய் வண்டிக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்துகொண்டிருந்தோம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ரயில்வே கேட் திறந்திருந்தது. எனக்கு முன்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மூட்டை சரிந்தது, வண்டிக்காரன் நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். நான் நிறுத்திய இடம் தண்டவாளத்துக்கு மேலே. மாட்டு வண்டி போய்விட்டது. நான் மிதித்தேன். சத்தம் வந்தது. எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வந்தது, பத்து வந்தது, பதினைந்து வந்தது. கேட்காரன் மணியடித்துக்கொண்டே, "அய்யா, பாஸஞ்சர் வருது! எடுங்க, எடுங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறான். வடக்கே புகை தெரிகிறது. "இறங்கு, இறங்கு" என்று கிருஷ்ணவேணியைத் தள்ளினேன். தரையோடு தரையாக இருக்கிற அந்த ஆசனத்திலிருந்து அவளால் அவசரத்துக்கு எழுந்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். "நீங்க எறங்குங்க" என்றாள். முடியாது என்றேன். "அப்ப நானும் எறங்க மாட்டேன். எறங்கிப் போய் யாருக்குச் சமைக்கிறது?" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதையும் சரியாகக் கேட்க விடாமல் இன்ஜின் உறுமுகிறது.

அப்போது நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. காட்டு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மல்லாட்டை பிடுங்குகிற ஆட்கள், நாலு பொம்பளை ஒரு ஆம்பளை, தலையில் இருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். வண்டி ஒரு முழம் நகர்ந்தது, இரண்டு முழம் நகர்ந்தது, பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. அந்த நேரம் பார்த்து அதற்குப் புத்தி வந்து, எகிறிப் பாய்ந்தது. தள்ளியவர்கள் அத்தனை பேரும் குப்புற விழுந்தார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை அண்ணா. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதே என்ற பயத்தில், வீட்டு வாசல் வரைக்கும் காலை எடுக்கவே இல்லை. பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. விழுந்தவர்கள் தண்டவாளத்தை விட்டு எழுந்தார்களா இல்லையா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தவன் நான். வீட்டுக்கு வந்த பிறகு, ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை என்று கேட்காரன் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு நடந்தே அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனேன். முன்னால் நின்று தள்ளியவள் பெயர் செண்பகம். முழங்கால் சிராய்ந்து மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். தாலுகா கச்சேரி ஆள் வீடு தேடி வந்துவிட்டான், எந்த நிலத்தைப் பிடுங்கப்போகிறானோ என்று முதலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லியும் உட்காரவில்லை. நன்றி சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், கேட்டுப் பழக்கமில்லாததால் அது ஏதோ சுற்றறிக்கை படிப்பது போல வந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அது கெடக்குதுங்க. ஒங்க அண்ணாரு வந்தாருங்களா?" என்று கேட்டாள்.

"எந்த அண்ணன்?" என்றேன்.

"நேத்து அண்ணே, அண்ணேன்னு அந்தக் கத்து கத்துனீங்களே. சாமியக் கூப்புடல, யாரையும் கூப்புடல. அண்ணே ஓடியா, அண்ணே ஓடியான்னு."

அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரைக் காட்டினாள். மண்ணாங்கட்டி என்று பெயராம், அவளுடைய வீட்டுக்காரர். "இவருதான் மொதல்ல ஓடியாந்தாரு. நம்மளத்தான் அண்ணேன்னு கூப்புடுறாருன்னு நெனச்சிக்கினாரு. இந்த வயசுக்கு இவரை ஊர்க்காரங்க யாரும் அப்பிடிக் கூப்ட்டதில்லீங்க, அதான் கூடையப் போட்டுட்டு ஓடியாந்துட்டாரு." மண்ணாங்கட்டி வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். உங்களைத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். பொய்தான். அண்ணே என்றும் சேர்த்துச் சொன்னேன். அது பொய்யில்லை. அவர் வாசலில் மல்லாட்டை அவித்துக் கொடுத்தார்கள், தின்றுவிட்டு வந்தேன்.

நடந்து வரும் வழியெல்லாம் அவள் கேட்டதே காதில் இருந்தது. அண்ணன் வந்தாரா என்றால் என்ன சொல்வது? விழுப்புரத்தில் இருக்கிறார், இருபத்து மூன்று மைல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பஸ், பதினோரு வருஷமாக வரவில்லை, வராதபடி நான்தான் செய்தேன் என்று சொல்லவேண்டும். வேறு விஷயம் தொடமாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். தொடாமல் இந்தக் காகிதம் முடியாது போலிருக்கிறது.

என் மகள் ராஜாமணி கல்யாணத்தன்றைக்கு நீ காலை டிரிப் முடித்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராகப் பந்தலுக்கு வந்தாய். தோளில் ஒரு பித்தளை அண்டா. தம்பி மகள் என்றா பார்த்தாய், உன் மகள்தானே அவள், நீ தூக்கி வளர்த்தவள். நான் மாப்பிள்ளையின் மாமாவோடு நின்றுகொண்டிருந்தேன், கடலூரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். "இவரு யாரு?" என்று அவர் கேட்டார். "நம்ம டிரைவர்ங்க" என்றேன். அன்றைக்கு என்னிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது அண்ணா. யாருக்கு டிரைவர், எந்த வண்டிக்கு டிரைவர் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. உனக்குக் காதில் விழுந்தது. நீ என்னைத் திட்டியிருக்கலாம், அண்டாவை என் தலையில் போட்டிருக்கலாம். அப்படியே நின்று, "சாமானை எங்க எறக்கணுங்க?" என்று என்னைக் கேட்டாய். "ங்க" போட்டுக் கேட்டாய். அப்பா செத்த வருஷம் பதினாலு வயதில் பஸ்ஸில் கிளீனராக ஏறி, நான் பள்ளிக்கூடத்தை விடாமல் பார்த்துக்கொண்டவன், எனக்கு ங்க போட்டாய். பிறகு மாப்பிள்ளை வீட்டார் பெட்டி படுக்கையை எல்லாம் கூலிக்காரன் மாதிரி ஒன்றொன்றாக இறக்கி உள்ளே வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனாய். இலையில் உட்கார வைக்கத் தேடினேன் என்று அப்புறம் ஊரில் சொல்லிக்கொண்டேன். தேடவில்லை. போய்விட்டாய் என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. அதுதான் உண்மை.

தாங்கள் என்று ஆரம்பித்து எங்கேயோ நீ என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தினால் காகிதம் அசிங்கமாகும், இப்படியே இருக்கட்டும்.

ஆகவே, மேற்கண்ட தயக்கத்தை நேரில் பார்வையிட்டு, காரணம் கண்டு, தக்க ஆலோசனை சொல்லித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வந்து ஒரு தடவை மிதித்துப் பார்த்தால் போதும், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவீர்கள். சம்பந்தப்பட்ட நோட்டும் புத்தகமும் தயாராக இருக்கின்றன. தாங்கள் தங்குவதற்கு முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்வதாகக் கிருஷ்ணவேணி எழுதச் சொல்கிறாள். கண்டாச்சிபுரத்தில் இருக்கிற உறவுக்காரர் யாரையும் நடுவில் பேச வைக்க வேண்டாம், இது மோட்டார் விஷயம் மட்டுமே.

அண்ணிக்கு என் நமஸ்காரம். வீட்டில் உள்ள சிறுசுகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், அவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது, அது என் குற்றம். மழையும் வெயிலும் அளவோடிருந்து உங்கள் கண்ணும் முட்டியும் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்குக் கீழ்ப்படிந்துள்ள தம்பி,
நடராசன்
(தலைமை எழுத்தர், ஓய்வு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போடப்போகும் நேரத்தில் கிருஷ்ணவேணி வாங்கிப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு, "எல்லாஞ் சரி, வண்டிதான் திங்கக்கெழமையே நல்லாயிடுச்சே, அதை ஏன் எழுதல?" என்றாள்.

உண்மைதான். திங்கட்கிழமை புதுச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். வெள்ளைக்காரர் வண்டிகளைப் பார்த்துப் பழகிய ராயப்பன் என்ற வயதான மெக்கானிக் அங்கே இருக்கிறார். வண்டிக்கு அடியில் அவர் போகவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளேயிருந்து நீளமாக ஒரு கம்பியை உருவி, துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். "கியர்ப் பெட்டியில எண்ணெயே இல்லியே சார். இதுக்குன்னு தனி எண்ணெய் இருக்குது, செவப்பா இருக்கும். எண்ணெய் கொறஞ்சா மிதிச்சா ஒடனே பிடிக்காது, மேட்டுல சுத்தமா பிடிக்காது. ஒரு எடத்துல கசிஞ்சிக்கினு இருக்குது, அடைச்சிடலாம்" என்றார். அடைத்து, எண்ணெய் ஊற்றி, அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கால் வைத்த மாத்திரத்தில் போகிறது. இன்று காலை ஒன்பது எண்ணினேன் என்று எழுதியது பொய். ஒன்றுகூட எண்ணவில்லை.

ஆகவே மேலே கேட்ட ஆலோசனை எதுவும் தேவையில்லை. உனக்குக் கடிதம் எழுத ஒரு கோளாறு வேண்டியிருந்தது. இருந்த ஒரு கோளாறும் சரியாகிவிட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மூன்று நாள் யோசித்துவிட்டு, இன்னும் இருப்பதாகவே வைத்து எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமென்றால், "எழுதுனது எழுதுனதாவே போவட்டும், கடைசியில நெஜத்தைச் சேத்துடுங்க" என்கிறாள்.

நீ வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு விழுப்புரத்துக்கு வருகிறேன். வரக்கூடாது என்றால் ஒரு கார்டு எழுதிப் போடு. அதை மட்டும், திங்கட்கிழமை வந்து சேருகிற மாதிரி போடு.